மௌனமும் மறுப்பும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டபோது, கடலூர் இன்று தன் பெயரால் வழங்கும் மாவட்டத்துக்குத் தலைநகராயிற்று. சிதம்பரம் அம்மாவட்டத்தின் வருவாய்க் கோட்டங்களுள் ஒன்றின் தலைமையிடமாக விளங்குகிறது. முன்னாளில் தபால் பைகளில் கட்டுண்டு, ஆலப்பாக்கத்தையும் பரங்கிப்பேட்டையையும் கடந்து ரயிலேறிச் சென்ற காகிதங்களின் சாரம், இன்று ஒளியிழைகளின் வழியே கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்கிறது. எல்காட் நிறுவனம் நிர்வகிக்கும் தமிழ்நாடு மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு சென்னையை மாவட்டத் தலைநகரங்களோடும், அவற்றை வட்டத் தலைமையிடங்களோடும் படிப்படியாக இணைத்திருக்கிறது. வங்கிகளும் மருத்துவமனைகளும் வணிக ஸ்தாபனங்களும் தத்தம் வலைகளை இதே முறையில், தலைமையிடம் ஒன்றும் கிளைகள் பலவுமாக, அமைத்துக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய அமைப்பில் அடிக்கடி நேரும் ஓர் இடர்ப்பாட்டையும் அதன் காரண காரியங்களையும் இந்த அத்தியாயத்தில் விசாரிப்போம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலகமும் சிதம்பரத்தில் ஒரு கிளையும் உடைய ஸ்தாபனம் ஒன்றை உதாரணத்துக்காகக் கற்பித்துக்கொள்வோம். சிதம்பரத்துக் கிளைக்குப் புதிதாக ஒரு சர்வர் வந்திருக்கிறது. அதைக் கடலூரில் உள்ள டொமைனில் சேர்க்க வேண்டும். அட்மின் பொறுப்பில் இருப்பவர் டொமைனின் பெயரைத் தட்டெழுதி, தம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறார். சற்றுப் பொறுத்துத் திரையில் ஒரு பெட்டி தோன்றி, வலைப்பாதை காணப்படவில்லை என்றோ, டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்றோ அறிவிக்கிறது. உடனே கேபிளை அசைத்துப் பார்ப்பதும், ஸ்விட்சை அணைத்துப் போடுவதும், ரூட்டர்க்காரரைத் தொலைபேசியில் அழைப்பதும் உலக வழக்கம். ஆனால் அதே கேபிளில், அதே கணத்தில், பக்கத்து மேசையில் இருப்பவர் இணையத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார். வலை இருக்கிறது, ஆயினும் வலை இல்லை என்று யந்திரம் சாதிக்கிறது. இந்த முரண்பாட்டை அவிழ்ப்பதற்கு, சேர்தல் என்னும் செயல் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சேர்தல் என்னும் செயல்

டொமைன் என்பது ஒரே பதிவேட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கணினிகளும் மனிதர்களும் சேர்ந்த தொகுதி. அந்தப் பதிவேட்டைக் காத்து வரும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். புதிதாக நியமனம் பெற்ற எழுத்தர் ஒருவர் அலுவலகத்தில் பணியேற்கும் முறையை நினைத்துப் பார்த்தால் இதன் போக்கு விளங்கும். அவர் அலுவலகம் எங்கே என்று விசாரித்து அறிந்து, அங்கே சென்று, உரிய அதிகாரியைக் கண்டு, நியமன ஆணையைக் காட்டி, இன்ன தேதி முற்பகலில் பணியேற்றேன் என்று எழுதிக் கொடுக்கிறார். அதன் பின்னரே அவர் பெயரில் பணிப்பதிவேடு ஒன்று திறக்கப்படுகிறது. இடம், வழி, ஆள், ஆவணம், நேரம் என்னும் இவற்றுள் எது தவறினாலும் பணியேற்பு நடவாது. சர்வரும் இவ்வரிசையிலேயே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு செல்கிறது. டொமைன் கன்ட்ரோலரின் பெயரையும் முகவரியையும் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கிறது, அந்த முகவரிக்குச் சென்று, நீ உண்மையில் இந்த டொமைனின் கன்ட்ரோலர்தானா என்று வினவுகிறது, பிறகு அட்மினின் அடையாளத்தை நிரூபித்து, பதிவேட்டில் தன் பெயரில் ஒரு கணக்கைத் திறக்கச் செய்கிறது, இறுதியில் தனக்கும் கன்ட்ரோலருக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரகசியக் கடவுச்சொல்லை அமைத்துக்கொள்கிறது.

இந்தக் கேள்விகளுக்கு விடையளிக்கும் சாதனங்கள் ஒரே பட்டறையில் பிறந்தவையல்ல என்பது கவனிக்கத்தக்கது. பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். முறையைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமொன்றில் பால் மொக்கபெட்ரிஸ் 1983-ஆம் ஆண்டில் வகுத்தார். அடையாளத்தை நிரூபிக்கும் கெர்பரோஸ் முறை, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதே 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தின் பயனாக எழுந்தது. பதிவேட்டைப் படிக்கவும் எழுதவும் உதவும் எல்.டி.ஏ.பி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வெளிவந்தபோது, இம்மூன்றையும் ஒன்றாகக் கோத்து ஆக்டிவ் டைரக்டரி என்னும் அமைப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்தது. ஆகவே, வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு நோக்கங்களுக்காகச் சமைத்த மூன்று மொழிகளில் நடைபெறும் ஓர் உரையாடலின் தோல்வியை, திரையில் தோன்றும் சிறு பெட்டி ஒற்றை வாக்கியமாகச் சுருக்கி நமக்குச் சொல்லுகிறது. சுருக்கும்போது காரணம் உதிர்ந்துவிடுகிறது; பயணம் எந்த இடத்தில் நின்றது என்பது மாத்திரமே எஞ்சுகிறது.

நால்வகை விடைகள்

உதிர்ந்துபோன காரணத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. வலையில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் நான்கு விதமான முடிவுகளே சாத்தியம்: சரியான விடை, தவறான விடை, மறுப்பு, மௌனம். சரியான விடை கிடைத்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். தவறான விடை கிடைக்கின், நாம் கேட்ட ஆள் தவறானவர், அல்லது அவர் வைத்திருக்கும் குறிப்பு பழையது. மறுப்பு வருமாயின், வழி திறந்திருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே பிரமாணம். கேள்வி போய்ச் சேர்ந்து, அதைக் கேட்டவர் முடியாது என்று சொல்லியிருக்கிறார். மௌனம் ஒன்றே சந்தேகத்துக்கு முழு இடமளிப்பது. ஏனெனில் கேள்வி வழியில் தொலைந்திருக்கலாம், கேட்டவர் பேசாதிருக்கலாம், அல்லது அவர் அளித்த பதில் திரும்பும் வழியில் மறைந்திருக்கலாம்.

இந்த வேறுபாடு வலையின் அமைப்பிலேயே பதிந்துள்ளது. டி.சி.பி. முறையில் ஒரு கணினி மற்றொன்றின் வாயிலைத் தட்டும்போது, அந்த வாயிலில் எந்தச் சேவையும் காத்திருக்கவில்லையானால், எதிர்ப்புறத்துக் கணினி உடனே ஒரு நிராகரிப்புச் செய்தியை அனுப்பிவிடும். நடுவே ஃபயர்வால் ஒன்று நின்று, வந்த செய்தியை ஓசையின்றி விழுங்குமாயின், தட்டிய கணினி மீண்டும் மீண்டும் தட்டிப் பல விநாடிகள் காத்திருந்து ஓயும். ஆதலால் பிழைப் பெட்டி எவ்வளவு நேரத்தில் தோன்றிற்று என்பதே முதல் சாட்சியமாகும். பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் தோன்றினால் மறுப்பு அல்லது தவறான விடை என்றும், நெடுநேரம் சுழன்ற பின் தோன்றினால் மௌனம் என்றும் பெரும்பாலும் ஊகிக்கலாம். சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு கருவி இதற்கு வேண்டியதில்லை.

கம்பியும் முகவரியும்

கீழ்ப்படியை விரைந்து கடந்துவிடலாம். கடலோர மாவட்டத்தின் உப்புக் காற்று உலோகத்துக்கு உறவன்று. ஆகையால் கேபிள் முனையையும் ஸ்விட்ச் விளக்கையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது பிழையில்லை. சர்வருக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்குமானால், அதற்கு யாரும் முகவரி வழங்கவில்லை என்றும், அது தானே ஒன்றைக் கற்பித்துக்கொண்டது என்றும் பொருள். முகவரி சரியாயிருந்தால், பதில் வருகிறதா என்று அறிய உதவும் பிங் என்னும் சிறு செய்தியைக் கடலூர்க் கன்ட்ரோலரின் ஐ.பி. எண்ணுக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் பிங்கின் சாட்சியத்தை அளவறிந்தே ஏற்க வேண்டும். பல ஃபயர்வால்கள் பிங்கைத் தடுத்துவிட்டு ஏனையவற்றை அனுமதிக்கின்றன. வேறு சில பிங்கை மட்டும் அனுமதித்து ஏனையவற்றைத் தடுக்கின்றன. பிங் வந்தது என்பதிலிருந்து பாதை இருக்கிறது என்று மாத்திரம் முடிவு செய்யலாம். பாதையில் எல்லோரும் போகலாம் என்று முடிவு செய்யலாகாது.

பெயரின் விசாரணை

சேர்ப்புத் தோல்விகளில் மிகப் பெரும் பகுதி இந்தப் படியில்தான் நிகழ்கிறது. காரணம் எளியது. கிளை அலுவலகத்துக்கு வரும் ரூட்டர், இணைய நிறுவனத்தின் டி.என்.எஸ். முகவரியையோ, கூகுள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 8.8.8.8 என்னும் முகவரியையோ சர்வருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. இவை உலகத்துக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் அறிந்தவை. ஆனால் ஸ்தாபனத்தின் உள்ளேயே வழங்கும் டொமைனின் பெயரை இவை அறிவதற்கு வழியில்லை. அப்படி ஒரு பெயரே கிடையாது என்று இவை உடனடியாகவும் உறுதியாகவும் விடையளிக்கும். சர்வரும் அதை நம்பி, டொமைன் கன்ட்ரோலரைக் காண இயலவில்லை என்று நமக்கு அறிவிக்கும். பக்கத்து மேசைக்காரர் செய்தி வாசிப்பதற்கும் சர்வர் தடுமாறுவதற்கும் இடையே உள்ள முரண்பாடு இவ்விடத்தில் தீர்ந்துவிடுகிறது.

கடலூர் டி.என்.எஸ். சர்வரை முதலாவதாகவும், வெளி டி.என்.எஸ்.ஸை இரண்டாவதாகவும் எழுதி வைத்தால் ஒன்று தவறினும் மற்றொன்று உதவும் என்று பலர் கருதுவர். இக்கருத்து பாதி உண்மை. முதலாமவர் மௌனமாயிருந்தால் மட்டுமே கணினி இரண்டாமவரிடம் செல்லும். மழைக்காலத்தில் கடலூர்த் தொடர்பு ஒரு கணம் தடைப்பட்டு, கேள்வி இரண்டாமவரிடம் போய், அவர் அப்பெயர் இல்லை என்று சொல்லிவிட்டால், அதுவும் ஒரு விடையென்றே கணக்கில் கொள்ளப்படும். கணினி திரும்பிச் சென்று முதலாமவரைக் கேளாது. இதனால் விளையும் தவறு சில சமயம் தோன்றிச் சில சமயம் மறைந்து, தேடுவோரைப் பல நாள் அலைக்கழிக்கும். ஆகவே டொமைனில் சேரும் சர்வருக்கு உள் டி.என்.எஸ். சர்வர்களை மட்டுமே எழுத வேண்டும்; வெளியுலகப் பெயர்களைத் தேடித் தரும் வேலையை அவற்றிடமே ஒப்படைத்துவிடலாம்.

இன்னுமொரு நுட்பம் இங்கே உண்டு. சர்வர் கேட்பது டொமைனின் பெயருக்குரிய முகவரியை மட்டுமன்று. இந்த டொமைனுக்கு எல்.டி.ஏ.பி. சேவை செய்வோர் யாவர் என்றும் கேட்கிறது. இத்தகைய கேள்விக்கு விடையாக அமைவது எஸ்.ஆர்.வி. என்னும் வகைப் பதிவு. டொமைனின் பெயருக்குப் பிங் வெற்றியாக வந்தும் சேர்ப்பு தோல்வியுறுமானால், இந்தப் பதிவு இல்லாதிருக்கக் கூடும். என்.எஸ்.லுக்கப் என்னும் சிறு கருவியில் பதிவின் வகையை எஸ்.ஆர்.வி. என்று குறித்துக் கேட்டால் உண்மை வெளிப்படும். விடையாக வரும் கன்ட்ரோலர்களின் பெயர்களையும் முகவரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது நன்று. என்றோ கழித்துக் கட்டப்பட்ட பழைய கன்ட்ரோலரின் பெயர் அதில் நிலைத்திருக்கலாம். அல்லது இரண்டு வலையட்டைகள் கொண்ட கன்ட்ரோலர் தன் இரு முகவரிகளையும் பதிந்து வைத்திருக்க, அவற்றுள் ஒன்று கடலூர்க் கட்டடத்துக்குள் மட்டுமே எட்டக்கூடியதாய் இருக்கலாம். கடலூரில் சோதித்தபோது எல்லாம் சரியாக நடந்து, சிதம்பரத்தில் மட்டும் ஒரு தரம் நடந்து ஒரு தரம் தவறுவதன் மர்மம் பல வேளைகளில் இதுவே.

வாயில்களின் விசாரணை

பெயரும் முகவரியும் சரியாயின், இனி வாயில்கள். ஒரே கணினியில் பல சேவைகள் குடியிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் போர்ட் எனப்படும் ஓர் எண் உண்டு. டி.என்.எஸ்.ஸுக்கு 53, கெர்பரோஸுக்கு 88, தொலைவில் உள்ள கணினியின் செயல்களை அழைக்க உதவும் ஆர்.பி.சி. சேவையின் வழிகாட்டிக்கு 135, எல்.டி.ஏ.பி.க்கு 389, கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி.க்கு 445, கடவுச்சொல் மாற்றத்துக்கு 464 என்பன டொமைனில் சேர்வதற்கு முக்கியமானவை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஃபயர்வால் இருக்குமாயின், இவை அனைத்தும் திறந்திருத்தல் வேண்டும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்னும் கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு வாயிலையும் தட்டிப் பார்க்கலாம்.

தேர்ந்தவர்களும் இடறும் இடங்கள் இந்தப் பட்டியலில் மூன்று இருக்கின்றன. முதலாவது, கன்ட்ரோலரைத் தேடும் சர்வர் தன் முதல் வினாவை 389-ஆம் வாயிலில், முன்தொடர்பு ஏற்படுத்தாமலே செய்தி அனுப்பும் யு.டி.பி. முறையில் அனுப்புகிறது, மேற்சொன்ன பவர்ஷெல் கட்டளையோ டி.சி.பி. முறையை மட்டுமே சோதிக்கிறது. டி.சி.பி. திறந்து யு.டி.பி. அடைபட்டிருந்தால், சோதனை வெற்றியென்று சொல்லும்; சேர்ப்பு தோல்வியுறும். இரண்டாவது, 135-ஆம் வாயிலில் இருக்கும் வழிகாட்டி, உண்மையான உரையாடலை வேறோர் எண்ணுக்கு மாற்றிவிடுகிறது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் அந்த எண் 49152-க்கும் 65535-க்கும் இடையே எதுவாகவும் இருக்கலாம். அதற்கு முந்தைய பதிப்புகளில் 1025-க்கும் 5000-க்கும் இடையே இருந்தது. பழைய காலத்து ஃபயர்வால் விதிகளை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கும் இடங்களில், ஆர்.பி.சி. சர்வர் கிடைக்கவில்லை என்னும் 1722-ஆம் எண் பிழை தோன்றுவதன் காரணம் இதுதான். மூன்றாவது 445. வானாக்ரை என்னும் தீநிரல் 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்த வாயிலின் வழியே புகுந்து உலகெங்கும் பரவிற்று; அதன்பின் பல நிர்வாகிகள் அச்சத்தால் இதை எங்கும் அடைத்துவிட்டனர். வெளி இணையத்துக்கு அடைத்தது நியாயமே. ஆனால் தலைமையிடத்துக்கும் கிளைக்கும் இடையிலும் அடைபட்டால், வலைப்பாதை காணப்படவில்லை என்னும் 53-ஆம் எண் பிழை வந்து நிற்கும்.

எல்லா வாயில்களும் திறந்திருந்தும், சிறு செய்திகள் போய்ச் சேர்ந்து, பெரியவை மட்டும் மறைந்துபோகும் விசித்திரம் ஒன்றும் உண்டு. ஈதர்நெட் ஒரு தவணையில் ஏந்தக்கூடிய செய்தியின் அளவு 1500 பைட். பிராட்பேண்ட் இணைப்பு பி.பி.பி.ஓ.ஈ. முறையில் இருந்தால் அதில் 8 பைட் குறையும். அதன் மேல் வி.பி.என். சுரங்கம் அமைத்தால் இன்னும் குறையும். அளவை மீறிய செய்தியை வழியில் உள்ள ரூட்டர் கைவிடும்போது, இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவலையும் ஃபயர்வால் ஒன்று தடுத்துவிட்டால், அனுப்பியவர் அதே பெரிய செய்தியையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். அடையாளத்துக்குச் சான்றாகக் கெர்பரோஸ் வழங்கும் சீட்டு, பல குழுக்களில் உறுப்பினரான அட்மினுக்குப் பருத்திருக்கும். சாதாரணப் பயனரின் சீட்டு மெலிந்திருக்கும். ஆகவே ஒருவர் கணக்கால் நடக்கும் வேலை மற்றொருவர் கணக்கால் நடவாது. துண்டாக்கக் கூடாது என்னும் நிபந்தனையோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்பினால், தலைப்புகளுக்குரிய 28 பைட் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போகாமல், அதனினும் சிறியது போகுமாயின், குற்றம் எங்கே என்பது வெளிப்பட்டுவிடும்.

காலத்தின் விசாரணை

அடையாளத்தை நிரூபிப்பதற்குக் கடிகாரம் எதற்கு என்று தோன்றலாம். 1978-ஆம் ஆண்டில் நீதாம், ஷ்ரோடர் என்னும் இருவர், நம்பிக்கைக்குரிய மூன்றாமவர் ஒருவரின் துணையோடு இரு கணினிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் முறையொன்றை வெளியிட்டனர். வழியில் ஒட்டுக் கேட்பவன் பழைய செய்தியொன்றைச் சேமித்து வைத்து, பின்னொரு நாள் அதையே திரும்ப அனுப்பி ஏமாற்றக்கூடும் என்று 1981-இல் டெனிங், சாக்கோ என்போர் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு செய்தியிலும் நேர முத்திரை இருக்க வேண்டும் என்றனர். கெர்பரோஸ் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டது. முத்திரையின் நேரமும் பெறுபவரின் நேரமும் குறித்த அளவுக்கு மேல் வேறுபட்டால், செய்தி பழையதெனக் கருதப்பட்டு நிராகரிக்கப்படும். ஆக்டிவ் டைரக்டரியில் அந்த அளவு இயல்பாக 5 நிமிடம். விண்டோஸ் சில சந்தர்ப்பங்களில் கன்ட்ரோலரின் நேரத்தை அறிந்து மீண்டும் முயன்றும், வேறொரு பழைய நிரூபண முறையை நாடியும் நிலைமையைச் சமாளித்துக்கொள்ளும். எனவே சேர்ப்பு நடந்தேறி, அதன் பின்னர் ஒவ்வொரு சேவையாகத் தகராறு செய்வதும் உண்டு.

நேர வேறுபாடு நம் நாட்டுக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. அது கிரீனிச் நேரத்துக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் வழக்குக்கு வந்த இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தியது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 9 நிமிட வேறுபாடே கெர்பரோஸின் பொறுமையைக் கடந்துவிடும் என்றால், அதன் கண்டிப்பை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இக்காலத்தில் நேரும் பிழை இதனினும் வஞ்சகமானது. புதிய விண்டோஸ் சர்வர் நிறுவப்பட்டவுடன் பெரும்பாலும் அமெரிக்கப் பசிபிக் நேர மண்டலத்தில் இருக்கும். கடிகாரம் தவறாக ஓடுகிறதே என்று ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருத்திவிட்டு, மண்டலத்தை மாற்ற மறந்துவிடுவார். திரையில் காலை 10 மணி. சுவரிலும் காலை 10 மணி. கண்ணுக்குக் குறையேதும் தெரியாது. ஆனால் கெர்பரோஸ் உள்ளூர் நேரத்தைப் பாராமல் உலகப் பொது நேரத்தையே பார்ப்பதால், அதன் கணக்கில் சர்வர் பதின்மூன்றரை மணி வரை முன்னே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் மண்டலம், பிறகு மணி என்னும் வரிசையிலேயே சோதிக்க வேண்டும்.

கடிகாரம் தானே பிறழ்வதற்கும் இம்மாவட்டத்தில் காரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. மின்சாரம் இல்லாத போது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவச் சிறு பேட்டரி. அது தேய்ந்துபோயிருந்தால், நீண்ட மின்தடைக்குப் பின் விழித்தெழும் கணினி பல ஆண்டுகள் பின்னே சென்றிருக்கும். மெய்நிகர் சர்வராயின், தன்னைத் தாங்கும் கணினியின் தவறான நேரத்தை அதுவும் பெற்றுக்கொள்ளும். இதற்குப் பரிகாரம், டெலாவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1985 முதல் வளர்த்துவந்த என்.டி.பி. முறை. டொமைனில் உள்ள கணினிகள் கன்ட்ரோலரிடமிருந்தும், தலைமைக் கன்ட்ரோலர் வெளியே உள்ள நம்பகமான மூலத்திலிருந்தும் நேரத்தைப் பெறுகின்றன. இந்தியாவின் நேரத்தைக் காப்பது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதனுடனோ தேசியத் தகவலியல் மையத்தின் நேரச் சர்வர்களுடனோ, அல்லது அவற்றை அடியொற்றிய சர்வர்களுடனோ ஸ்தாபனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி ஆணை பிறப்பித்தது. கிளைச் சர்வருக்கும் தலைமைக் கன்ட்ரோலருக்கும் இடையே 123-ஆம் யு.டி.பி. வாயில் திறந்திருந்தால் இந்தச் சங்கிலி அறாது.

அதிகாரத்தின் விசாரணை

இறுதிப் படியில் வரும் பிழைகள் வலையைச் சேர்ந்தவையல்ல. அவை முழு மறுப்புகள். சாதாரணப் பயனர் ஒருவர் இயல்பாகப் பத்துக் கணினிகளை மட்டுமே டொமைனில் சேர்க்கலாம். பதினொன்றாவதற்கு மறுப்பு வரும். அதே சர்வரோடு முன்பே வேறொரு பயனர் பெயரில் ஒரு தொடர்பு திறந்திருந்தால், 1219-ஆம் எண் பிழை தோன்றும். பழைய தொடர்பைத் துண்டித்தால் அது தீரும். பழுதான சர்வரை மாற்றி, அதே பெயரில் புதியதைச் சேர்ப்பது கிளை அலுவலகங்களில் இயல்பு. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, முன்பு அந்தக் கணக்கைத் திறந்தவரோ தக்க உரிமை பெற்றவரோ அன்றி வேறொருவர் அதை மீண்டும் பயன்படுத்த முயன்றால், விண்டோஸ் தடுத்துவிடுகிறது. நேற்றுவரை நடந்த முறை இன்று ஏன் நடவாது என்று வலையைச் சந்தேகித்துப் பயனில்லை. மறுப்பு வந்ததே வலை நலமாயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

சாட்சியமும் முறையும்

இத்தனை படிகளையும் ஊகத்தால் அளக்க வேண்டியதில்லை. சேர்ப்பு முயற்சி ஒவ்வொன்றையும் விண்டோஸ் தன் கோப்புறையில் உள்ள டீபக் என்னும் உட்பிரிவில், நெட்செட்டப்.லாக் என்னும் கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கிறது. எந்தக் கன்ட்ரோலரைத் தேடியது, எந்த முகவரியைப் பெற்றது, எந்த அடியில் எந்த எண் பிழையோடு நின்றது என்பன அங்கே தேதி, நேரத்தோடு இருக்கும். பெட்டியில் சுருங்கிப்போன வாக்கியத்தின் விரிவுரை அது. அதுவும் போதாதாயின், ஜெரால்ட் கோம்ஸ் என்பவர் 1998-ஆம் ஆண்டில் ஈதீரியல் என்னும் பெயரில் வெளியிட்டு, 2006 முதல் வயர்ஷார்க் என்று வழங்கும் இலவச நிரலைக் கொண்டு, கம்பியில் செல்லும் செய்திகளையே நேரில் படிக்கலாம். கேள்வி புறப்பட்டதா, விடை வந்ததா, வந்தது மறுப்பா என்பதில் அதற்குமேல் விவாதத்துக்கு இடமில்லை.

கம்பியைக் கவனிப்பதால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குச் சிறந்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். அவர் 1990-களின் தொடக்கத்தில், கணினிகள் தம்முள் பேசிக்கொள்வதை வலையில் உற்றுக் கவனித்தே அவற்றின் மொழியைக் கற்று, பின்னர் சாம்பா என்று பெயர் பெற்ற நிரலை எழுதத் தொடங்கினார். பலர் உழைப்பால் வளர்ந்த அந்நிரல், 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்பில், ஆக்டிவ் டைரக்டரியின் கன்ட்ரோலராகவே செயற்படும் வல்லமை பெற்றது. ஒரு முறையின் இலக்கணம் முழுவதையும் கவனிப்பின் வாயிலாக இவ்வளவு அறியலாமெனில், அம்முறையில் நேர்ந்த ஒரு பிழையை அறிவது எட்டாத காரியமன்று.

ஆயினும் கருவிகளைவிட வரிசை முக்கியம். பெயர் சரியாகுமுன் வாயிலையும், வாயில் சரியாகுமுன் நேரத்தையும் சோதிப்பவர், கீழ்ப்படியின் பிழையை மேற்படியின் பிழையாகக் கருதி ஏமாறுவார். ஒரே வேளையில் டி.என்.எஸ்.ஸை மாற்றி, ஃபயர்வாலை அணைத்து, கடிகாரத்தையும் திருத்தியவருக்குச் சேர்ப்பு வெற்றியாகலாம். ஆனால் எது காரணம் என்பது தெரியாது. மறுநாள் வேறொருவர் ஃபயர்வாலை மீண்டும் இயக்கும்போது, பழைய நோய் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அவருக்கு விளக்கம் கிட்டாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் ஒரு சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குறிப்பு என்னும் ஒழுங்கு, ஆய்வுக்கூடத்துக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு கிளை அலுவலகத்துக்கும் பொருந்தும்.

சேர்ந்தபின்னும் இந்தக் குறிப்புகள் பயன்படும். டொமைனில் சேர்ந்த கணினி தன் இரகசியக் கடவுச்சொல்லை இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை தானே மாற்றிக்கொள்கிறது. மெய்நிகர் சர்வர் ஒன்றை இரண்டு மாதத்துக்கு முந்தைய நகலிலிருந்து மீட்டெடுத்தால், அதனிடம் இருப்பது காலாவதியான இரகசியம். கன்ட்ரோலரிடம் இருப்பது புதியது. நம்பிக்கை உறவு முறிந்தது என்னும் அறிவிப்பு அப்போது தோன்றும். வாயில்களும் பெயர்களும் நேரமும் முன்பே சரிபார்க்கப்பட்டுக் குறிப்பில் இருக்குமானால், சிதம்பரத்தில் பொறுப்பேற்றிருப்பவர் அவற்றையெல்லாம் மறுபடி துருவாமல், இரகசியத்தைப் புதுப்பிக்கும் ஒரே கட்டளையோடு வேலையை முடித்துக்கொள்வார். குறிப்பு இல்லையேல், கேபிளை அசைப்பதிலிருந்து அவர் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.